அரை மில்லிமீட்டர் எழுத்து

குன்னூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் பேக்கிங் அறையில் என் இருபதாவது வயதில் சேர்ந்தேன். பிளைவுட் பெட்டிகளுக்கு மார்க் போடுவதுதான் வேலை. தகர ஸ்டென்சிலைப் பெட்டியின் பக்கத்தில் அழுத்திப் பிடித்து, பிரஷ்ஷைக் கறுப்பு மையில் லேசாகத் தோய்த்து, தட்டித் தட்டி எழுத்தை இறக்க வேண்டும். தோட்டத்தின் பெயர், இன்வாய்ஸ் எண், பிஓபியா டஸ்ட்டா என்ற தரம், மொத்த எடை, பெட்டி எடை, தேயிலை எடை. மை கொஞ்சம் கூடினாலும் தகட்டுக்கு அடியில் ஓடி எழுத்து வீங்கிவிடும். பிறகு பெட்டிகள் போய்க் காகித மூட்டைகள் வந்தன. என் வேலை மாறியது. எழுத்தின் மேல் இருந்த பிடிப்பு மாறவில்லை. இப்போது ஹெச்ஓ அளவுச் சரக்கு வேகன் மாதிரிகளுக்கு எழுத்து வைக்கிறேன். அசலில் ஓர் அடி இருப்பது இங்கே மூன்றரை மில்லிமீட்டர்.

இவ்வளவு சிறிய எழுத்தை எப்படி அச்சிடுவது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு வழி சொல்கிறேன். அதற்கு முன் வேறொன்று இருக்கிறது. பெட்டியில் நான் போட்ட ஒவ்வொரு மார்க்கும் யாரோ ஒருவர் படிப்பதற்காக இருந்தது. இன்வாய்ஸ் எண்ணை ஏலத்துக்கு அனுப்புபவர் படிப்பார். எடையைக் கிடங்குக்காரர் படிப்பார். வேகன் எழுத்தும் அப்படித்தான். அதில் அழகுக்காக ஒரு புள்ளிகூடக் கிடையாது. யார் படிக்கிறார், எங்கே நின்று படிக்கிறார் என்பது தெரிந்துவிட்டால் எழுத்தின் இடம், உயரம், அதன் மேல் படிய வேண்டிய அழுக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடிபடும். தெரியாமல் வைத்த எழுத்து எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் வண்டி பொம்மையாகவே நிற்கும்.

எனக்கு இதைப் புரியவைத்தவர் வெலிங்டனில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற டிஎக்ஸ்ஆர். வண்டி புறப்படுமுன் வேகன்களைச் சோதித்து, ஓடத் தகுதி உண்டா இல்லையா என்று சொல்கிறவர்களை ரயில்வேயில் அப்படித்தான் அழைப்பார்கள். நான் முதன்முதலாக எழுத்து வைத்து முடித்த பன்னிரண்டு பாக்ஸ்என் வேகன்களை, அதாவது மேலே மூடாத சரக்கு வேகன்களை, அவருடைய மேசையில் வரிசையாக நிறுத்தினேன். பூதக்கண்ணாடியை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். அச்சின் கூர்மையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

“தம்பி, இதில் நாலு வண்டியை நான் விட்டிருக்க மாட்டேன்.”

“ஏன் அண்ணா?”

“மூன்றுக்குப் பட்டறைக்குத் திரும்ப வேண்டிய தேதி தாண்டிவிட்டது. நாலாவதைப் பாருங்கள். செய்த வருடம் 07, பிஓஹெச் ஆன வருடம் 05. இல்லாத வண்டியை எந்தப் பட்டறையில் பழுது பார்த்தார்கள்?”

அன்றிரவே அந்த நாலு வண்டியின் எழுத்தையும் சுரண்டி எடுத்தேன். ஆகவே என் வழிமுறை கத்தியில் தொடங்குவதில்லை, காகிதத்திலும் பென்சிலிலும் தொடங்குகிறது.

எண்ணும் எடையும் தேதியும்

இன்றைய இந்திய வேகன் எண்ணில் 11 இலக்கங்கள் உண்டு. முதல் இரண்டு வேகனின் வகை. 10 முதல் 29 வரை திறந்த வேகன்கள், 30 முதல் 39 வரை மூடிய வேகன்கள், 40இலிருந்து டேங்கர்கள் தொடங்குகின்றன. அடுத்த இரண்டு இலக்கம் எந்த ரயில்வேக்குச் சொந்தம் என்பது. தெற்கு ரயில்வேக்கு 06. அடுத்த இரண்டு, செய்த ஆண்டு. அதன்பின் நான்கு இலக்கம் அந்த வேகனின் தனி எண். கடைசி இலக்கத்தை நாம் விருப்பப்படி போட முடியாது. எண்ணை எழுதும்போது தவறு நேர்ந்தால் காட்டிக்கொடுப்பதற்காக வைத்த சோதனை இலக்கம் அது.

கணக்கு எளிது. 10 06 07 0472 என்ற பத்து இலக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு, நான்கு, ஆறு, எட்டு, பத்து ஆகிய இடங்களில் உள்ளவை 0, 6, 7, 4, 2. கூட்டினால் 19, மூன்றால் பெருக்கினால் 57. ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது ஆகிய இடங்களில் உள்ளவை 1, 0, 0, 0, 7. கூட்டினால் 8. இரண்டும் சேர்ந்து 65. அடுத்த பத்தின் மடங்கான 70ஐ எட்ட இன்னும் 5 வேண்டும். ஆக முழு எண் 10060704725. கூட்டுத்தொகையே பத்தின் மடங்காக வந்தால் சோதனை இலக்கம் 0. ஒரு ரேக்குக்கு, அதாவது சேர்ந்தே ஓடும் ஒரு வேகன் வரிசைக்கு, உட்காருமுன் எல்லா எண்ணையும் நோட்டில் எழுதி, கணக்கைப் பக்கத்திலேயே போட்டு வைக்கிறேன். எல்லாவற்றுக்கும் 06 போட்டுவிடாதீர்கள். வேகன்கள் நாடு முழுக்கச் சுற்றுகின்றன. போத்தனூரில் நிற்கும் ஒரே ரேக்கில் தெற்கும் தென்மத்தியும் கிழக்கும் கலந்துதான் நிற்கும். பழைய காலத்து வண்டியைச் செய்பவர்களுக்கு இந்த 11 இலக்க முறை பொருந்தாது. அவர்கள் அந்தக் காலத்துப் புகைப்படத்தையே பார்க்க வேண்டும்.

எடை என் பழைய தொழிலோடு ஒட்டியது என்பதால் எனக்குப் பிரியமான பகுதி. பெட்டியில் மொத்த எடை, பெட்டி எடை, சரக்கு எடை மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் கிடங்கிலிருந்து திரும்பி வந்துவிடும். பாக்ஸ்என் வேகனின் காலி எடை 22.47 டன், பாரம் 58.81 டன். கூட்டினால் 81.28. அச்சு ஒன்றுக்கு 20.32 டன் வீதம் நான்கு அச்சு தாங்கும் எடை அதுதான். இப்படி ஒத்துப்போகும் எண்களை வைத்தால், தெரிந்தவர் கண்ணில் வண்டி உயிர் பெறுகிறது. ‘சிசி+6+2’, ‘சிசி+8+2’ என்று கூடுதல் பாரத்துக்கு அனுமதி சொல்லும் குறிகள் 2000களின் நடுப்பகுதியில்தான் வரத் தொடங்கின. தொண்ணூறுகளின் ரேக்கில் அவற்றைப் பார்த்தால் எனக்கு மனது கேட்பதில்லை.

தேதிக்கு வருவோம். பாக்ஸ்என்னுக்கு முதல் பிஓஹெச், அதாவது முழுப் பழுதுபார்ப்பு, ஆறு ஆண்டில். அதன்பின் நாலரை ஆண்டுக்கு ஒருமுறை. நடுவில் 18 மாதத்துக்கு ஒருமுறை ஆர்ஓஹெச் என்ற சிறு பழுதுபார்ப்பு. 2007 மார்ச்சில் செய்த வேகன் என்றால் 2013 மார்ச்சை ஒட்டி முதல் பிஓஹெச், 2017 செப்டம்பரை ஒட்டி இரண்டாவது. உங்கள் ரயில்பாதை எந்த ஆண்டில் ஓடுகிறது என்று முடிவு செய்துகொண்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணித் தேதியைப் பிடியுங்கள். தேதியோடு பட்டறையின் சுருக்கப் பெயரும் இருக்கும். தெற்கு ரயில்வே வண்டிகள் சிலவற்றுக்கு நான் பொன்மலையின் சுருக்கத்தை வைப்பது வழக்கம்.

எங்கே போய்ப் பார்ப்பது

எங்கள் மலையில் ஓடுவது மீட்டர் கேஜ். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத் தண்டவாளம். என் வீட்டு ஜன்னலில் நீராவி இன்ஜின் ஏறி வரும் சத்தம் கேட்கும். ஆனால் அகலப் பாதையில் ஓடும் பாக்ஸ்என்னைப் பார்க்க மலையிறங்கித்தான் ஆக வேண்டும். மாதம் ஒருமுறை கோயம்புத்தூர் பஸ் பிடித்து, போத்தனூரிலோ இருகூரிலோ பொதுமக்கள் நிற்கும் இடத்திலிருந்து மட்டும் பார்த்துவிட்டு வருகிறேன். தண்டவாளத்தில் கால் வைப்பதோ நிற்கும் ரேக்குக்குள் நுழைவதோ கூடவே கூடாது. ஓர் எழுத்தின் உயரத்துக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. மேகம் மூடிய பகல்தான் படம் எடுக்க நல்லது. வெயிலில் பக்கத் தகட்டின் நிமிர்ந்த கம்பிகள் நிழல் போட்டு எழுத்தைப் பாதி மறைத்துவிடும். வேகனுக்கு நேர் எதிரில் நின்று எடுத்த ஒரு படம், சாய்ந்து எடுத்த பத்துப் படங்களை விடப் பயன்படும்.

பாக்ஸ்என்னின் உடல் நீளம், ஹெட்ஸ்டாக்குக்கு ஹெட்ஸ்டாக் (அடிச்சட்டத்தின் இரு முனைக் குறுக்குச் சட்டங்கள்), 9784 மில்லிமீட்டர். ஹெச்ஓ அளவு அசலில் 87இல் ஒரு பங்கு என்பதால், 87ஆல் வகுத்தால் 112.5. கணினியில் படத்தை அந்த நீளத்துக்குச் சுருக்கினால் எல்லா எழுத்தின் உயரமும் தானாகவே கிடைத்துவிடும். அசலில் 100 மில்லிமீட்டர் எழுத்து நம் வண்டியில் 1.15. 50 மில்லிமீட்டர் எழுத்து 0.57. இந்த அரை மில்லிமீட்டரில்தான் வேலை முழுவதும் இருக்கிறது.

வரைவதும் அச்சிடுவதும்

நான் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வரைகிறேன். காசு கொடுக்க வேண்டியதில்லை. கோடுகளாக வரைவதால் எவ்வளவு சுருக்கினாலும் விளிம்பு உடையாது. கணினியில் ஸ்டென்சில் என்ற பெயரிலேயே தடித்த, முனைகளில் கொக்கி வைத்த ஓர் எழுத்துரு இருக்கும். அதைத் தொடாதீர்கள். அது ராணுவப் பெட்டி எழுத்து. நம் வேகன்களில் இருப்பது கொக்கியில்லாத நேர் எழுத்து. ஸ்டென்சில் வெட்டும்போது 0, 6, 8 போன்றவற்றின் நடுப்பகுதி விழுந்துவிடாமல் ஒரு சிறு பாலம் விடுவார்கள். அந்த இடத்தில் வெள்ளை அறுந்து தெரியும். ஒரு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட எழுத்துகளில் அந்தப் பாலத்தை நானும் விடுகிறேன். அரை மில்லிமீட்டரில் விடுவதில்லை. அசலில் 10 மில்லிமீட்டர் பாலம் இங்கே 0.11 ஆகிறது. அந்த அளவில் அது பாலமாகத் தெரியாது. உடைந்த எழுத்தாகத்தான் தெரியும்.

வேகனில் ஆங்கிலத்தோடு இந்தி எழுத்தும் உண்டு. அச்சுக் கடைக்குக் கோப்பு கொடுக்குமுன் எழுத்துகளை எல்லாம் வடிவங்களாக மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் கணினியில் அந்த எழுத்துரு இல்லாமல் இந்திக் குறில் நெடில் குறிகள் இடம் மாறி நிற்கும். இந்தி தெரியாத நம் கண்ணுக்கு அது தெரியவும் தெரியாது. தெரிந்தவர் ஒருவரிடம் காட்டிவிட்டு அனுப்புவது நல்லது.

அச்சில் பெரிய சிக்கல் வெள்ளை. செங்காவி நிற உடலில் வெள்ளை எழுத்து வேண்டும். சாதாரண பிரிண்டரில் வெள்ளை மையே கிடையாது. வெள்ளை டெக்கால் தாளில், அதாவது அச்சிட்டு நனைத்து வண்டியில் ஒட்டும் தாளில், செங்காவியை அச்சிட்டு எழுத்தை வெறுமையாக விடும் வழியைச் சிலர் சொல்வார்கள். நானும் செய்து பார்த்தேன். வண்டியின் பெயிண்டும் அச்சின் செங்காவியும் ஒருபோதும் ஒன்றாகவில்லை. ஒவ்வோர் எண்ணைச் சுற்றியும் ஒரு சதுரம் தெரிந்தது. ஆகவே என் தீர்ப்பு இதுதான்: வெள்ளை டோனர் போடும் லேசர் பிரிண்டர் உள்ள கடையைத் தேடிப் பிடியுங்கள். நீரில் ஊறி நழுவும் டெக்கால் தாள், நிறமற்றது, லேசருக்கானது என்று கேட்டு வாங்கி நீங்களே கொண்டுபோங்கள். அங்குலத்துக்கு 600 புள்ளி அச்சிடும் இயந்திரத்தில் ஒரு புள்ளி 0.042 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் எழுத்துக்குப் பதின்மூன்று புள்ளி கிடைக்கும், படிக்கலாம். 300 புள்ளி என்றால் ஆறு ஏழுதான். 8க்கும் 6க்கும் வித்தியாசம் போய்விடும். 1200 கிடைத்தால் விடாதீர்கள். ஒவ்வோர் எண்ணையும் மூன்று முறை தாளில் வையுங்கள். ஒன்று கிழியும், ஒன்று கோணலாகும், ஒன்று நிற்கும்.

இங்க்ஜெட்டில் அச்சிட்டவர்கள் தண்ணீரில் போடுமுன் தெளிவான அக்ரிலிக் பூச்சு இரண்டு மூன்று முறை மெல்லியதாகத் தெளித்து ஒரு நாள் காய விட வேண்டும். இல்லாவிட்டால் மை தண்ணீரோடு போய்விடும்.

ஒட்டும் நாள்

வண்டியின் உடல் பளபளப்பாக இருக்க வேண்டும். சொரசொரப்பான மங்கல் பெயிண்டின் மேல் டெக்காலை வைத்தால் அடியில் காற்று சிக்கி, சாய்த்துப் பார்க்கும்போது வெள்ளியாக மினுங்கும். அதனால் முதலில் பளபளப்பு வார்னிஷ், ஒட்டி முடித்த பின் மங்கல் வார்னிஷ். இந்த வரிசையைக் கடைப்பிடித்தால் பாதிக் குறைகள் வரவே வராது.

குன்னூர்க்காரர்களுக்கும் கொடைக்கானல்காரர்களுக்கும் இங்கே ஓர் எச்சரிக்கை. ஒரு நவம்பர் மாலை, ஜன்னலுக்கு வெளியே மூடுபனி இறங்கியிருந்தபோது எட்டு வண்டிகளுக்கு லாக்கர் வார்னிஷ் தெளித்தேன். பத்து நிமிடத்தில் எல்லாம் பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிட்டன. தெளித்த திரவம் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்துபோகிறது. காற்றில் இருக்கும் ஈரம் அதன் மேல் படிந்து பூச்சுக்குள் மாட்டிக்கொள்கிறது. வடகிழக்குப் பருவமழை முடியும்வரை இங்கே தெளிப்பு வேலை வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை, பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் முடித்துவிடுங்கள். மழைக்காலத்தில் எண் கணக்கு, வரைதல், வெட்டுதல் போன்றவற்றை வைத்துக்கொள்ளலாம். வெளுத்துப்போன வண்டிகளையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. உலர்ந்த ஒரு பகலில் அதே வார்னிஷ்ஷை மிக லேசாக மறுபடி தெளித்தபோது ஏழு வண்டிகள் தெளிந்துவிட்டன.

புதிய பிளேடால் எழுத்தை ஒட்டினாற்போல் வெட்டுங்கள். மழுங்கிய பிளேடு விளிம்பைச் சுருட்டிவிடும். பாக்ஸ்என்னின் பக்கத்தில் நிமிர்ந்த கம்பிகள் இருப்பதால் எழுத்துகளைக் கம்பிக்குக் கம்பி தனித் துண்டாக வெட்ட வேண்டும். ஒரே நீளத் துண்டாகக் கம்பியின் மேல் படுக்க வைத்தால் கூடாரம்போல் தூக்கி நிற்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்துப் பதினைந்து விநாடி தோய்த்து எடுத்து, டிஷ்யூ தாளின் மேல் ஒரு நிமிடம் வையுங்கள். தண்ணீரிலேயே மிதக்க விட்டால் பசை கரைந்துவிடும். நான் மழைநீர் பிடித்து வைத்துப் பயன்படுத்துகிறேன். காய்ந்தபின் உப்புத் தடம் விடுவதில்லை.

ஒட்டும் இடத்தில் முதலில் மைக்ரோ செட் என்ற டெக்கால் திரவம் ஒரு துளி. கிடைக்காதவர்கள் வெள்ளை வினிகரில் தண்ணீர் கலந்து தடவலாம். சாமணத்தால் தாளைப் பிடித்து, ஈரமான பிரஷ்ஷால் டெக்காலைத் தாளிலிருந்து வண்டிக்கு நழுவ விடுங்கள். சாமணத்தால் டெக்காலையே பிடிக்கக் கூடாது. நேராக இருக்கிறதா என்று வண்டியின் அடிச்சட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மேல் விளிம்போடு ஒப்பிட வேண்டாம், திறந்த வேகனின் மேல் விளிம்பு மாதிரியில் லேசாக வளைந்திருப்பதுண்டு. இடம் சரியானதும் ஓரத்திலிருந்து தண்ணீரை ஒற்றி எடுங்கள். அரை மணி கழித்து மைக்ரோ சால் என்ற இளக்கும் திரவத்தைத் தடவினால் டெக்கால் இளகி, தகட்டின் ஆணித்தலைகளில்கூடப் படியும். அப்போது அது சுருங்கிக் கோரமாகத் தெரியும். பதறிக் கை வைக்காதீர்கள்; காயும்போது தானே இழுத்துக்கொள்ளும். மறுநாள் எங்காவது வெள்ளியாக மினுங்கினால் ஊசி நுனியால் குத்தி, இன்னொரு துளி சால்.

அழுக்கு

வேகன் எழுத்தில் பலர் தவறவிடும் இடம் இது. எல்லா எழுத்தும் ஒரே வெள்ளையாக இருக்க முடியாது. வகையும் எண்ணும் ஆண்டுக்கணக்கில் வெயிலும் தூசியும் தின்றவை. பிஓஹெச் தேதி போன ஆண்டு எழுதியதாக இருக்கலாம். அதைப் படிப்பவர் டிஎக்ஸ்ஆர். அவருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். அதனால் நான் இரண்டு நாளில் ஒட்டுகிறேன். முதல் நாள் பழைய எழுத்துகள். அவற்றின் மேல் பழுப்பும் கறுப்பும் கலந்து மிக நீர்க்க விட்ட பெயிண்ட் பூச்சு. மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி கொண்டுபோகும் ரேக் என்றால் கறுப்பு தூக்கலாக. அது காய்ந்தபின், தேதி வரும் இடத்தில் உடல் நிறத்திலேயே புதிதாக ஒரு சிறு பட்டை பூசி, அதன் மேல் தேதி டெக்கால். அழுக்குக்கு நடுவே அந்தப் புதுப் பட்டை தெரியும்போது வண்டி பட்டறைக்குப் போய்வந்த கதை தெரிகிறது. மங்கல் வார்னிஷ் அதன் பிறகுதான்.

கடைசியாகச் சுண்ணக்கட்டிக் குறிகள். வண்டியைப் பார்ப்பவர்கள் கையால் கிறுக்குவது அது. அச்சிட்டு ஒட்டினால் கையெழுத்தின் நடுக்கம் வராது. வெள்ளைப் பென்சிலை ஊசியாகச் சீவி, மங்கல் வார்னிஷ்ஷின் மேல் நேராக எழுதுங்கள். ஓர் ஆள் தரையில் நின்று கை நீட்டும் உயரத்தில், வண்டிக்கு ஒன்றிரண்டு போதும்.

மிஞ்சிய டெக்கால் தாளை நான் மூடி இறுகிய தேயிலை டப்பாவில், வறுத்த அரிசி கட்டிய சிறு துணி முடிச்சோடு வைக்கிறேன். மாதம் ஒருமுறை அரிசியை மாற்றுகிறேன். இங்கே வெளியில் வைத்த தாள் மழைக்காலத்தில் சுருண்டுவிடுகிறது.

இப்போதெல்லாம் முடித்த ரேக்கை முதலில் வெலிங்டனுக்குத்தான் எடுத்துப் போகிறேன். சென்ற மாதம் எட்டு வண்டிகள். அண்ணன் நோட்டும் பென்சிலுமாக அமர்ந்து ஒவ்வோர் எண்ணையும் கூட்டிப் பார்த்தார். ஏழு வண்டிகளை ஒரு பக்கம் வைத்தார். எட்டாவதில் சோதனை இலக்கம் 3 என்று இருக்க வேண்டிய இடத்தில் 8 இருந்தது. அந்த ஓர் இலக்கத்தை நேற்று மாலை சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டியிருக்கிறேன். சால் இன்னும் காயவில்லை.